விடுகைப் பத்திரமும் விகிதாசாரமும்

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்துவிட்டால் நமது ஊர்ச் சந்திகளில் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். பிள்ளையின் படம், பெற்ற புள்ளி, பாடசாலையின் பெயர், வாழ்த்துவோரின் பட்டியல். அந்தப் பிள்ளை சில மாதங்களில் விடுகைப் பத்திரத்துடன் அந்தப் பாடசாலையை விட்டுப் போகப்போகிறது என்பதை எந்தப் பதாகையும் சொல்வதில்லை. ஆண்டுகள் கழிந்து க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வரும்போது அதே சந்தியில் நின்று, "இந்த ஸ்கூல்ல என்னத்தப் படிச்சுக் குடுக்கிறாங்க?" என்று கேட்பவர்களும் அதே பதாகைக்காரர்கள்தாம்.

தரம் 6 முதல் 9 வரை கணிதம் கற்பிக்கும் ஒரு கிராமத்து ஆசிரியன் நான். நமது சஞ்சிகைகளில் வரும் கல்விக் கட்டுரைகளையும் விடாமல் வாசிப்பவன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. நகரத்துப் பாடசாலை இத்தனை வீதம், கிராமத்துப் பாடசாலை இத்தனை வீதம், ஆகவே கிராமத்து ஆசிரியன் கற்பிக்கவில்லை. இந்த 'ஆகவே'யைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரம் 5இல் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தரம் 11 வரை அங்கேயே இருந்தால் 20 பேர் சித்தியடைவார்கள். அதாவது 50 வீதம். அந்த 20 பேரில் முன்னணியில் நிற்கும் 8 பேர் தரம் 6இலேயே நகரத்துக்குப் போய்விட்டால் எஞ்சுவது 32 பேர், சித்தியடைவது 12 பேர். 37.5 வீதம். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை, கரும்பலகை கூட மாறவில்லை. ஆனால் பாடசாலை 'வீழ்ச்சியடைந்து' விட்டது! அந்த 8 பேரையும் ஆயத்தமாகப் பெற்றுக்கொண்ட பாடசாலைக்கோ சாதனை விழா.

உண்மையில் இழப்பு இந்தக் கணக்கையும் விடப் பெரியது. பின்னம் விளங்காத பிள்ளைக்கு நான் மூன்று தடவை சொல்லியும் ஏறாதது, பக்கத்து வாங்கில் இருப்பவன் தன் பாஷையில் ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும். அந்தப் பக்கத்து வாங்குப் பிள்ளையைத்தான் நாம் பிடுங்கி எடுக்கிறோம். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த அறிக்கையை ஆசிரியர் கலாசாலையில் படித்தோம். பிள்ளையின் அடைவில் குடும்பப் பின்னணி பெரும்பங்கு வகிக்கிறது என்பதைப் பரீட்சைக்காக எல்லோரும் மனனம் செய்தோம். கூடப் படிப்பவர்கள் யார் என்பது வறிய பிள்ளைகளைத்தான் கூடுதலாகப் பாதிக்கிறது என்று அதே அறிக்கை சொன்னதை மறந்துவிட்டோம்.

எஞ்சுபவர்கள் யார்? இடாப்பைத் திறந்தால் தெரியும். வாப்பா கடலுக்குப் போகிறவர். உம்மா சவூதியில் வீட்டு வேலையில், பிள்ளை மூத்தம்மாவின் பொறுப்பில். அறுவடைக் காலத்தில் வரவுக் கோடு அறுந்து அறுந்து வரும். தரம் 9க்கு வரும்போது பையன்களின் வாங்குகள் வெறுமையாகத் தொடங்கும். விசாரித்தால், கொழும்பில் புடைவைக் கடைக்குப் போய்விட்டான் என்பார்கள். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது கடை முதலாளிக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது. தெரிந்த நாங்களும் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதுடன் சரி. பெண் பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள். எங்கள் பெறுபேற்றில் மானம் காப்பவர்கள் அவர்கள்தாம்.

கன்னங்கராவின் காலத்தில், 1940களில், மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களைத் தேடிவந்தன. புலமைப்பரிசில், வசதியற்ற கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கி அங்கு படிப்பதற்கான வழி. இன்று என்ன நிலை? உதவிப்பணம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும்தான். ஆனால் பிரபல பாடசாலையின் அனுமதி, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய எவருக்கும் உண்டு. ஆகவே மூன்றாந்தரத்திலிருந்தே ரியூசனுக்குச் செலவழிக்க முடிந்தவர்கள் அந்த வழியில் முண்டியடிக்கிறார்கள். ஏழைக்கு வெட்டிய வாய்க்காலில் இன்று பாய்வது யாருடைய தண்ணீர்?

கிராமத்து ஆசிரியர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. பாடவேளையில் தொலைபேசி நோண்டுபவர்களை எனக்கும் தெரியும். கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களையும் தெரியும். அதேவேளை, பலவீனமான பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே வேறு பாடசாலைக்குத் தள்ளிவிட்டு 100 வீதம் காட்டும் வித்தையையும் கண்டிருக்கிறேன். அந்த 100 வீதத்துக்கு மாலை போட்டவர்கள், தள்ளப்பட்ட பிள்ளைகளை எந்தப் பாடசாலை ஏற்றது என்று கேட்கவில்லை. எங்களைப் போன்ற ஒன்றுதான் ஏற்றது. அதற்காகவும் எங்கள் வீதம் குறைந்தது.

இப்போது மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடுவது, இணைப்பது பற்றிய பேச்சும் அடிபடுகிறது. அந்த மேசைக்கு எங்கள் விகிதாசாரம் போகும், விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டைகள் போகா. மூடிவிட்டால் வேனுக்குக் காசில்லாத பிள்ளை அடுத்த ஊருக்கு எப்படிப் போகும்? ஆண் பிள்ளை கடைக்குப் போவான். பெண் பிள்ளை வீட்டில் நிற்பாள்.

நமது எழுத்தாளர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், அதிபர்கள், கல்வி அதிகாரிகள். 'கல்வியில் பின்தங்கிய சமூகம்' என்று கவிதையும் கட்டுரையும் எழுதுபவர்கள். காலை ஆறரைக்கு ஊரிலிருந்து நகரத்துக்குப் புறப்படும் வேன்களில் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் கோபம் வருகிறது. என் மகள் நான் கற்பிக்கும் பாடசாலையிலேயே படிக்கிறாள். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால், பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைகளை அவமதிக்கிறார் என்று பொருள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெறுபேற்று விகிதத்தை வெளியிடும்போது, தரம் 6இல் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எந்த அடைவு மட்டத்தில் வந்தார்கள், இடையில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இடாப்பு இருக்கிறது, சேர்வுப் பதிவேடு இருக்கிறது, இதற்குப் புதிய ஆணைக்குழு எதுவும் வேண்டியதில்லை. கிராமத்துப் பாடசாலைகளின் வீழ்ச்சி பற்றி அடுத்த கட்டுரையை எழுதப்போகும் நண்பர், தன் பிள்ளை தரம் 6இல் எந்தப் பாடசாலையின் இடாப்பில் இருந்தது என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.