போலி என்றால் பொய்யா?

‘போலி’ என்னும் சொல்லுக்கு இலக்கணத்தில் இழிவு எதுவும் இல்லை. மயல் மையலாகிறது, அறம் அறனாகிறது, ஐந்து அஞ்சாகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி, முற்றுப்போலி என்று பாடநூல்கள் இதனை மரியாதையோடு வகைப்படுத்துகின்றன. அதே சொல் கடைத்தெருவுக்கு வந்ததும் போலி மருந்து, போலிப் பத்திரம், போலி மருத்துவர் என்று குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. இந்த இரு பொருள்களுக்கும் நடுவே இன்று மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இக்கட்டுரை. இலக்கியக் குழுவில் கணினிச் சில்லுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11, ஒரு கணினியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் ஒரே அறிவிப்பில் பழசாயின. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது இங்கே, காக்களூரில்தான். அன்று வழங்கப்பட்ட கணினிகளில் டி.பி.எம். 2.0 இருக்க வாய்ப்பே இல்லை. அந்தத் தரநிலையே 2014-இல்தான் வெளியானது. அவை இன்று முதுமையடைந்துவிட்டன, அது வேறு. அதற்குப் பின் வாங்கப்பட்டு, கல்லூரி ஆய்வகங்களிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் சிறு அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகளே இப்போதைய கவலை.

அந்தச் சில்லு என்ன செய்கிறது? எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். திருவாலங்காடு எங்கள் மாவட்டத்து ஊர். அங்கே 1905-இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள். அனைத்தும் ஒரு பெரிய செப்பு வளையத்தில் கோக்கப்பட்டவை. வளையத்தில் சோழ இலச்சினை. செப்பேடுகளில் பொதுவாக வளையத்தின் இரு முனைகளும் இலச்சினையின் அடிப்பகுதிக்குள் பொருத்தி மூடப்படும். இடையில் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ விரும்புகிறவன் வளையத்தை வெட்டியாக வேண்டும், வெட்டினால் தெரிந்துவிடும். பழையனூரைத் தானமாகக் கொடுத்த அரசன் மறைந்த பிறகும் அந்த ஆவணம் தனக்குத் தானே சாட்சி சொல்லும்.

டி.பி.எம். சில்லின் வேலையும் ஏறத்தாழ இதுவே. கணினி உயிர்பெறும்போது அடுத்தடுத்து இயங்கவிருக்கும் ஒவ்வொரு நிரலின் சுருக்கக் குறியீடும் சில்லுக்குள் பதிகிறது. புதிய குறியீடு பழையதை அழிப்பதில்லை. பழையதோடு கலந்து இன்னொன்றாகிறது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கும்வரை அதைப் பின்னோக்கித் திருத்த வழியில்லை. வன்தட்டைப் பூட்டிய சாவி, இந்தக் குறியீடுகள் எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டுமே வெளியே வரும். இடையில் எவரேனும் ஒரு நிரலை மாற்றியிருந்தால் சாவி கிடைக்காது. இவை தவிர, உற்பத்தி செய்த நிறுவனம் தன் சான்றிதழால் உறுதிசெய்த ஓர் அடையாளமும் சில்லுக்கு உண்டு. ‘நான் இன்ன நிறுவனம் வார்த்த உண்மையான சில்லு’ என்று அது நிறுவ முடியும்.

இனி மெய்நிகர் கணினிக்கு வருவோம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி ஓட்டுவது இன்று சாதாரணம். உள்ளே இருக்கும் கணினிக்கு வன்தட்டு என்பது வெளிக்கணினியில் உள்ள ஒரு கோப்பு. திரை என்பது ஒரு சாளரம். அப்படியானால் சில்லு? அதையும் மென்பொருளே நடிக்கிறது. ஐ.பி.எம். ஆய்வாளர் ஸ்டீபன் பெர்கரும் அவருடைய சகாக்களும் 2006-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். லினக்ஸில் எஸ்.டபிள்யூ.டி.பி.எம். என்ற திறமூல மென்பொருள் இந்தப் பணியைச் செய்கிறது. 2022 அக்டோபரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-உம் இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே இயங்கும் விண்டோஸ் ‘சில்லு இருக்கிறதா?’ என்று கேட்கிறது. ‘இருக்கிறது’ என்று ஒரு நிரல் விடை சொல்கிறது.

பொய் சாட்சி என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி வட்டாரத்திலும் ஒரு நண்பர் ‘இது ஏமாற்று வேலை, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?’ என்று கேட்டார். நான் ஒப்பவில்லை. இந்த மென்பொருள் சில்லின் சான்றிதழைத் திறந்து பார்த்தால், அதில் கையொப்பமிட்டிருப்பது எந்தச் சில்லு நிறுவனமும் அல்ல. அதே கணினியில் உருவாக்கப்பட்ட ஓர் உள்ளூர்ச் சான்றளிப்பான். எவர் வேண்டுமானாலும் சோதித்து அறியலாம். விசாகதத்தனின் முத்திராராட்சசத்தில் நடப்பது வேறு. அங்கே இராட்சசனின் முத்திரை மோதிரம் சாணக்கியன் கையில் சிக்குகிறது. இராட்சசன் எழுதாத கடிதத்தில் இராட்சசனின் உண்மையான முத்திரை விழுகிறது. மலயகேது அதை நம்பிக் கெடுகிறான். மோதிரம் அசல், செய்தி பொய். மென்பொருள் சில்லிலோ மோதிரம் உள்ளூரில் வார்த்தது. உள்ளூரில் வார்த்தது என்று அதன்மேல் எழுதியும் இருக்கிறது. முன்னதை மோசடி என்பேன். பின்னது இலக்கணம் சொல்லும் போலி.

அசல் என்று நாம் நம்புவதும் அத்தனை அசலா என்ன? இன்றைய பல கணினிகளில் டி.பி.எம். என்று தனியாக ஒரு சில்லே கிடையாது. இன்டெல், ஏ.எம்.டி. ஆகியவற்றின் தளங்களுக்குள் இயங்கும் நிலைபொருளே அந்த வேலையைப் பார்க்கிறது. அதுவும் ஒரு நிரல்தான். வெளியிலிருந்து எளிதில் தொடமுடியாத அறையில் அமர்ந்திருக்கும் நிரல். (கணினியைத் தூக்கி எறியச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்பதற்கு முன், பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் செயலியின் தலைமுறையும் விண்டோஸ் 11-க்கு ஒரு நிபந்தனை என்பதால் அது மட்டும் போதாமலும் போகலாம்.) ஆகவே சில்லா மென்பொருளா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

மென்பொருள் சில்லின் சாவி, வெளிக்கணினியை ஆள்பவரிடம் இருக்கிறது. சில்லின் முழு நினைவும் சில கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பு. கோப்பு என்றால் நகலெடுக்கலாம். மெய்நிகர் வன்தட்டும் இந்தக் கோப்பும் ஒரே வட்டில் இருந்தால், திருடுபவன் பூட்டையும் சாவியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான். இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மைச் சில்லில் கடவுக்குறியைச் சிலமுறை தவறாகக் கொடுத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் கணக்கை வெளியிலிருந்து எவரும் குறைக்க முடியாது. கோப்பாக இருக்கும் சில்லிலோ நேற்றைய நகலை மீட்டு வைத்துவிட்டால் கணக்கும் நேற்றைக்குத் திரும்பிவிடும். காலத்தைப் பின்னோக்கி ஓட்டக்கூடிய சாட்சியின் சொல்லுக்கு ஓரளவுதான் மதிப்பு.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. நடைமுறையில் அதுவே அதிகம் கடிக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் முதுகலை படித்த மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்கு எழுதுகிறார். அலுவலகக் கணக்கெல்லாம் ஒரு மெய்நிகர் கணினிக்குள் இருந்தது. வெளிக்கணினி பழுதடையும் நிலைக்கு வந்ததும் புதிதாக ஒன்று வாங்கி, வன்தட்டுக் கோப்பை மட்டும் அதற்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்துக் கொடுத்துவிட்டார்கள். பெரிய கோப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சிறு கோப்பைக் கவனிக்கவில்லை. புதிய கணினியில் திறந்தபோது நீலத் திரை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அதை எவரும் குறித்து வைத்திருக்கவில்லை. ‘எல்லாம் இங்கேதான் ஐயா இருக்கிறது, ஆனால் இல்லை’ என்றார் தொலைபேசியில். இரண்டு மாதக் கணக்கைக் காகிதப் பட்டியல்களிலிருந்து திரும்ப எழுதினார்கள். காகிதம் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். பூட்டு தன் கடமையைச் சரியாகச் செய்ததால் வந்த இழப்பு இது. யாரும் எதையும் ஏமாற்றவில்லை.

இதையெல்லாம் சிறு அலுவலகங்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்து, பின் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துகொண்ட அம்பத்தூரில், 1960-களின் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே பெரும் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன, என்.டி.டி. நிறுவனத்தின் வளாகம் 2023-இல் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களுக்குள் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் மெய்நிகர்க் கணினிகளைச் சுமப்பவை. மைக்ரோசாப்ட், அமேசான், கூகுள் மூன்றுமே தங்கள் மேகக் கணினிகளில் மெய்நிகர் டி.பி.எம். வசதியைத் தருகின்றன. நம் வங்கியின், மருத்துவமனையின், பல்கலைக்கழகத்தின் தரவுகள் இத்தகைய சில்லுகளை நம்பி இருக்கக்கூடும். பெரிய நிறுவனம் செய்தால் அதற்கு ‘நம்பகமான துவக்கம்’ என்று பெயர். ஆய்வகத்தில் ஒரு மாணவி செய்தால் ‘ஏமாற்று’ என்று பெயர். அங்கே நிறுவனத்தின் கையொப்பமும் காவலும் பின்னால் நிற்கின்றன, இங்கே இல்லை என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காவலில் உள்ள வேறுபாடு. பொய், மெய் என்று பிரிக்க அது போதாது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002-இலேயே இந்தச் சில்லு முயற்சியைக் கடுமையாக எதிர்த்தார். கணினி தன் உரிமையாளருக்குக் கீழ்ப்படியாமல் வேறொருவருக்குக் கீழ்ப்படியப் போகிறது என்பது அவர் அச்சம். அந்த அச்சம் அவர் சொன்ன அளவுக்குப் பலித்ததாக நான் எண்ணவில்லை. தொலைந்துபோன மடிக்கணினிகளின் தரவுகளை இந்தச் சில்லு காத்திருக்கிறது, அது சிறிய நன்மை அல்ல. என் மனத்தாங்கல் வேறு. காவல் வேண்டுமென்று கேட்பவருக்குக் காவல் கொடுப்பது ஒன்று. காவல் இல்லாத வீட்டில் குடியிருக்கவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது முடிவின் செலவை மைக்ரோசாப்ட் ஏற்கவில்லை. பொன்னேரியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகளும், புதிய ஆய்வகத்துக்கு நிதி கேட்டுக் காத்திருக்கும் கல்லூரிகளும்தான் ஏற்கின்றன.

எனவே எங்கள் ஆய்வகத்துக்கு நான் சொன்ன யோசனை இதுதான். பழைய கணினிகளின் வெளித்தளமாக லினக்ஸை நிறுவுவோம். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்குள் புதிய விண்டோஸை வைப்பது கூரை ஒழுகும் வீட்டுக்குள் புது அலமாரி வாங்கி வைப்பது போன்றது. நினைவகம் எட்டு ஜி.பி.யாவது இருக்கும் கணினிகளில் மட்டும் மெய்நிகராக விண்டோஸ் 11 ஓடட்டும்; பயிற்சிக்கு மென்பொருள் சில்லு தாராளமாகப் போதும். தேர்வு மதிப்பெண்களையும் மாணவர்களின் சொந்த விவரங்களையும் அதற்குள் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளித்தட்டையும் குறியாக்கம் செய்துவிட்டு வைக்கலாம். துறைத்தலைவர் உரிமம் பற்றிக் கேட்டார். விண்டோஸ் உரிமம் தனியாக வாங்க வேண்டும், சில்லை நடிக்கும் மென்பொருளுக்குக் காசில்லை என்றேன். 48 இலக்க மீட்புச் சாவிகளை ஒரு நோட்டில் எழுதி அலுவலக இரும்புப் பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.