குடிக்கிறவர் ஒருவர், தள்ளாடுவது குடும்பம்!

குடிக்கிறவர் தம் உடம்பைக் கெடுத்துக் கொள்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி அவருடைய வீட்டுக்குள் இருக்கிறது. அதுதான் பிள்ளைகளின் கதை.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் அங்கே உண்டு. நாடே கண்ணீர் விட்டது. அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது.

தகப்பன் உயிரோடு இருந்தும், இல்லாதது போல் வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர்! அவர்களுக்காகக் கண்ணீர் விடுவது யார்?

இரண்டு அப்பா

குடிப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு அப்பா. காலையில் ஓர் அப்பா தலையைத் தடவிக் கொடுக்கிறார். புதுப் பேனா வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இரவில் இன்னோர் அப்பா வருகிறார். தட்டு பறக்கிறது. அம்மா அழுகிறாள். காலையில் சொன்ன பேனா, கடையிலேயே கரைந்து போய்விட்டது.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளையின் நெஞ்சு படபடக்கிறது. பாதி இரவு தூக்கமில்லை. மறுநாள் வகுப்பில் பாடம் ஏறுமா? "மக்கு" என்று பெயர் வருகிறது.

மூத்த பெண் பத்து வயதிலேயே தம்பி தங்கைகளுக்குத் தாயாகிறாள். மூத்த பையன் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போகிறான். சில பிள்ளைகள் யாரிடமும் பேசுவதில்லை. சில பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் சண்டை போடுகின்றன. முதல் மார்க் வாங்கும் பிள்ளையும் உண்டு. "நான் நன்றாகப் படித்தால் அப்பா குடிப்பதை விட்டுவிடுவார்" என்று அது நம்புகிறது. அப்பா விடுவதில்லை. "என் மேல்தான் ஏதோ குற்றம்" என்று குமைகிறது.

தலையெழுத்து அல்ல

"குடிகாரன் மகன் குடிகாரன்" என்று ஊரார் சொல்வார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். குடிப்பவரின் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் தொற்றும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இரத்தத்திலும் கொஞ்சம் வருகிறது. பார்த்துப் பழகுவதாலும் வருகிறது. ஆனால் அது தலையெழுத்து அல்ல. குடியின் பக்கமே போகாமல் வாழும் பிள்ளைகள் ஏராளம். பெரும்பாலும் அவர்களுக்கு அன்பு காட்ட யாராவது ஒருவர் இருந்திருப்பார். ஒரு பாட்டி, ஒரு மாமா, ஓர் ஆசிரியர்.

1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கடை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அது முடியும் வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா?

இன்றே செய்யலாம்

தாய்மார்களே! பிள்ளையை அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "அப்பா குடிப்பது உன் குற்றம் அல்ல. அது ஒரு நோய்." இந்த ஒரு சொல் பிள்ளையின் நெஞ்சில் உள்ள பாரத்தை இறக்கும்.

பாட்டில் வாங்கி வரப் பிள்ளையை அனுப்ப விடாதீர்கள். குழந்தையை மது சுமக்க வைத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம். கடை வாசலில் கிடக்கும் தகப்பனை அழைத்து வரவும் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துவதே நல்லது. அங்கே போவது வெட்கம் அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும்.

ஆசிரியர்களே! வகுப்பில் தூங்கும் பிள்ளையை அடிக்கும் முன், இரவு தூங்கினாயா என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தாரே! "அவர்கள் வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளைக்கு அடி விழுந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பகலோ இரவோ, காசு இல்லாமல் பேசலாம். பிள்ளையே பேசலாம்.

தகப்பன்மார்களே! மகனுக்கு வீடு வைக்க வேண்டும், மகளுக்கு நகை போட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நல்ல நினைப்புதான். அதற்கு முன், இன்று இரவு நிதானமாக வீட்டுக்குப் போய், பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளை பயமில்லாமல் தூங்கட்டும். நீங்கள் சேர்க்கும் முதல் சொத்து அதுதான்.