நிரல் சொல்லாத காரணங்கள்

திறந்த மூல நூலகமொன்றில் உள்ள செயற்கூறு என்ன செய்கிறது என்பதை அதன் நிரலைப் படித்தே அறியலாம். ஏன் அவ்வாறு செய்கிறது, எளிதாகத் தோன்றும் வேறு வழி ஏன் கைவிடப்பட்டது என்பவற்றை நிரல் சொல்வதில்லை. விளக்கக் குறிப்பு எழுதப்பட வேண்டியது அங்கேதான். நிரல் எப்படி இயங்குகிறது என்பதைக் குறிப்பில் விளக்கவே வேண்டாம் என்று லினக்ஸ் கருனியின் எழுத்துநடை வழிகாட்டி கண்டிப்பாகவே கூறுகிறது. நிறுவனமொன்றுக்குள் எழுதப்படும் நிரலில் ஐயம் எழுந்தால் எழுதியவரையே கேட்கலாம். திறந்த மூலத்தில் எழுதியவர் எப்போதோ விலகியிருப்பார். திருத்துபவர் வேறொரு கண்டத்தில் இருப்பார்.

நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கான குறிப்புகள் வேறு வகை. ஜாவாடொக், பைதானின் டொக்ஸ்ட்ரிங் ஆகியவை உள்ளீடு, வெளியீடு, வழுநிலை என்பவற்றை வரையறுக்கின்றன. அவற்றுக்கான நெறிகள் தெளிவாகவே வகுக்கப்பட்டுள்ளன. புறக்கணிக்கப்படுவது, பராமரிப்போருக்காக நிரலின் உள்ளே எழுதப்பட வேண்டிய குறிப்புத்தான்.

அக்குறிப்பு இல்லாததால் நேர்ந்த சேதத்துக்கு, டெபியன் இயங்குதளத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில் 2006 இல் செய்யப்பட்ட மாற்றம் மறக்கக்கூடாத சான்று. தற்போக்கு எண்களை உருவாக்கும் கோப்பில் ஒரே வரி இரண்டு இடங்களில் இருந்தது. தொடக்கப் பெறுமதி இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுகிறது என வல்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. ஓரிடத்தில், பியூரிஃபை என்ற இன்னொரு கருவி இதைக் குறைசொல்கிறது என்ற சிறு குறிப்பு மட்டும் இருந்தது. மற்றைய இடத்தில் அதுவும் இல்லை. பராமரிப்பாளர் இரண்டையும் நீக்கினார். குறிப்பிருந்த வரி போனதால் பெரிய இழப்பில்லை. குறிப்பில்லாத வரியோ, வெளியிலிருந்து வரும் தற்போக்குத் தரவைச் சேகரத்தில் கலக்கும் வரி. அது நீங்கிய பிறகு ஒரு மறையாக்கச் சாவியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்த எஞ்சியது செயன்முறை எண் ஒன்றே. அக்கால லினக்ஸில் அது வழமையாக 32,768 ஐத் தாண்டியதில்லை. 2008 மே மாதம் வழு வெளிப்பட்டபோது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அந்த இயங்குதளத்தில் உருவாக்கப்பட்ட சாவிகளைக் கைவிட்டுப் புதியவற்றை ஆக்க வேண்டியதாயிற்று. பின்னர் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் அந்த வரியை நீக்கக்கூடாது என்ற குறிப்பு சேர்க்கப்பட்டது. எந்தக் கருவிகள் குறைசொல்லும், நீக்கினால் என்ன நேரும் என்பதையும் அது கூறியது. சில வரிகளே கொண்ட அக்குறிப்பு, முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்கக் கூடியது.

காரணங்களை எழுதிவைக்கும் தேவையை இலங்கையில் உணர்த்தும் மென்பொருள் சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாட்களில், காணாமற்போனோர், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றைப் பதிவதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் அதை எழுதத் தொடங்கினர். அந்தப் பேரழிவில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000 இற்கும் மேல். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையான கரையோர ஊர்களில் இழப்புக்கு உள்ளாகாத குடும்பத்தைக் காண்பது அரிது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெய்ட்டியிலும் சஹானா பயன்பட்டது. 2006 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. முதலில் பிஎச்பியில் எழுதப்பட்ட மென்பொருள், சஹானா ஈடன் என்ற வடிவில் பைதானில் புதிதாக எழுதப்பட்டது. மொழி மாறும்போது பழைய வரிகள் எதுவும் கூடவருவதில்லை. எழுதிவைக்கப்பட்ட காரணங்கள் மட்டுமே கூடவரும்.

காணாமற்போனோர் பதிவேட்டுக்கு உயிர்நாடி பெயர்த் தேடல். அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக் கரையில் வழங்கும் பெயர்கள் அதற்குக் கடும் சோதனை. தமிழில் எழுதும் பெயரை ஆங்கில எழுத்தில் பதிவதற்கு ஒரே முறை இல்லை. ஒலியொத்த பெயர்களைக் கண்டறியும் பழைய வழி சவுண்டெக்ஸ்: முதல் எழுத்தை அப்படியே வைத்து, எஞ்சியவற்றை மூன்று இலக்கங்களாகச் சுருக்குவது. முஹம்மத் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் எம்530 என்றே வரும். லெப்பை, லெவ்வை இரண்டும் எல்100. இவ்வளவில் முறை வெற்றி. ஆனால் காதர் என்ற பெயர் ஓர் ஆவணத்தில் சி எழுத்தில் தொடங்கும்; இன்னொன்றில் கே எழுத்தில். சவுண்டெக்ஸுக்கு அவை சி360, கே360 என்ற இரு வேறு ஆட்கள். ஜுபைர், பரீத் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். எனவே தேடலுக்கு முன் முதல் எழுத்தை ஒருமைப்படுத்தும் இரண்டு வரி நிரல் தேவைப்படும். கிழக்கிலங்கையை அறியாத பங்களிப்பாளருக்கு அவ்விரு வரிகளும் பொருளற்ற சுமையாகவே தெரியும். நீக்கினாலும் அவருடைய சோதனைகள் எல்லாம் தேறும். தந்தையும் பிள்ளையும் வேறு வேறு முகாம்களில் இருக்கும் நாளில்தான் இழப்புப் புலப்படும்.

குடும்பப் பெயர் என்ற புலமும் அப்படியே. இப்பகுதியில் எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். எனத் தலைப்பெழுத்துகளே முன்னிற்கும். அப்புலம் வெறுமையாக இருப்பது பிழையன்று. சாய்ந்தமருதின் கிராம சேவகர் பிரிவுகள் எண்களால் வேறுபடுபவை. இடப்பெயரிலிருந்து இலக்கங்களைக் களையும் வழமையான துப்புரவு நிரல் அவை அனைத்தையும் ஒன்றாக்கிவிடும். இவை ஒவ்வொன்றுக்கும் நிரலுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டுடன் கூடிய குறிப்பு வேண்டும். “சிறப்பு நிலை” என்று எழுதிவிட்டுப் போவது குறிப்பாகாது.

தமிழ் எழுத்தைக் கையாளும் நூலகங்களில் தேவை இன்னும் கூடுகிறது. மருதமுனை என்ற சொல்லில் எழுத்துகள் 5. யுனிகோடின்படி எண்ணினால் பைதான் 8 என்று விடை தரும். கொழும்பு என்பதன் முதல் எழுத்தை இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிடும்போது மட்டும் பொருந்தாது. இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கம் ஏன் அந்த இடத்தில் செய்யப்படுகிறது என்ற குறிப்பில் இந்தச் சொல்லையே காட்டிவிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

குறிப்பு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பது நம் பகுதியில் உணர்வோடு பேசப்படும் வினா. தம் மொழி அறியாதவர் ஒருபோதும் படிக்கமாட்டார் என்று 120 வீதம் உறுதியாகத் தெரிந்தாலன்றி ஆங்கிலத்தில் எழுதுமாறு பைதானின் பெப் 8 வழிகாட்டி கேட்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஒஃபிஸின் நிரல் 2000 இல் திறக்கப்பட்டபோது அதில் ஜெர்மன் குறிப்புகள் ஏராளம். அந்நிரலின் வழியில் 2010 இல் பிரிந்த லிப்ரே ஒஃபிஸ் திட்டத்தார் அவற்றை ஆங்கிலமாக்கப் பல ஆண்டுகள் உழைத்தனர். பல நாட்டார் பராமரிக்கும் நூலகத்தில் எளிய ஆங்கிலமே தகும். எடுத்துக்காட்டான பெயரும் சொல்லும் தமிழ் எழுத்திலேயே நிற்கட்டும்; பைதான் 3 மூலக்கோப்பை இயல்பாகவே யுடிஎஃப்-8 ஆக வாசிக்கிறது. கற்பித்தலுக்கான நூலகம் என்றால் முழுக் குறிப்பும் தமிழில் இருப்பதே முறை.

நிரல் மாறியும் மாறாத குறிப்பு, இல்லாத குறிப்பைவிடத் தீங்கானது. ஆகவே குறிப்பு சொல்லும் காரணத்தை ஒரு சோதனையும் காக்கவேண்டும்: காதரின் இரு வடிவங்களும் ஒருவரையே தருகின்றனவா என்று பார்க்கும் சோதனை இருந்தால், குறிப்பைக் கவனியாமல் வரியை நீக்குபவரை அது தடுத்து நிறுத்தும். மாற்றங்களை ஏற்கும் பராமரிப்பாளர் நிரலோடு அதன் குறிப்பையும் படித்தே ஒப்புதல் வழங்கவேண்டும்.

லிப்ரே ஒஃபிஸ் திட்டத்தார் குறிப்புகளை மொழிபெயர்க்கும் வேலையைப் புதியவர்களுக்கான எளிய பணிகளில் ஒன்றாக வைத்திருந்தனர். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் குறிப்பு எழுதும் பணி ஏற்ற தொடக்கம். பெயர், முகவரி, தமிழ் எழுத்து ஆகியவற்றைக் கையாளும் ஒரு நூலகத்தை எடுத்து, காரணம் எழுதப்படாத வரிகளுக்குப் பழைய மாற்றப் பதிவுகளில் காரணத்தைத் தேடி, குறிப்பும் சோதனையுமாக ஒரே பங்களிப்பில் அனுப்பலாம்.