லண்டனில் நாடகம் பார்ப்போம்... எல்லோருமாக!



தலைப்பைப் படித்ததும், "என்னடா இவன், எக்ஸாம் ஃபீஸ் கட்டவே ததிங்கிணத்தோம் போடுறோம், இவன் லண்டனுக்குக் கூப்பிடுறானே" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்! பேரவைக் கூட்டத்தில் எங்கள் நாடக மன்றம் இந்த யோசனையை வைத்தபோதும் இதே சிரிப்புதான் எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "வசதி உள்ளவன் பேர் குடுக்கட்டும், அவங்க போய்ட்டு வரட்டும்" என்றது ஒரு கட்சி. "அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம், நமக்கு வேணாம்ப்பா" என்றது மறு கட்சி.

நான் மூன்றாவது கட்சி. இப்போதைக்கு என் கட்சியில் நான் ஒருவன்தான். போகலாம் என்கிறேன். ஆனால் திட்டத்தை, நம்மில் யார் வசதியில் கடைசியாக நிற்கிறானோ அவனிடமிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

நாடகம் பார்க்க அவ்வளவு தூரமா?

நியாயமான கேள்வி. நடிப்பைப் பார்க்க என்றால் நம் ஊர்க் கூத்து போதும், விடிய விடியப் பார்க்கலாம். லண்டன் அரங்குகளில் நடிப்போடு சேர்த்து நம் படிப்பும் மேடையேறுகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

மின்னியல் மாணவன் என்பதால் என் துறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் சவாய் என்றொரு அரங்கு இருக்கிறது. உலகில் முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் அதுதான், ஆண்டு 1881. சுமார் 1200 ஸ்வான் பல்புகள். பக்கத்துக் காலிமனையில் நீராவி எஞ்சின் வைத்து ஜெனரேட்டர் ஓட்டினார்கள். கேஸ் விளக்குக்குப் பழகிய ஜனங்கள் பயந்தார்கள். உடனே அரங்க உரிமையாளர் டோய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிகிற பல்பைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை! மெஷின்ஸ் லேபில் நமக்கு யாராவது இப்படிப் பாடம் நடத்தினால் தூக்கம் வருமா?

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நேஷனல் தியேட்டர். அங்குள்ள ஒலிவியர் அரங்கின் மேடைக்கு அடியில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு உருளை இருக்கிறது. மேடையைச் சுழற்றவும் செய்யும், காட்சி அமைப்பையே கீழிருந்து தூக்கி நிறுத்தவும் செய்யும். கட்டடம் திறந்தது 1976இல். அந்த உருளை சரியாக வேலை செய்யத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின! நம் வொர்க்‌ஷாப் லேத்தை நினைத்துக் கொள்ளுங்கள், ஆறுதலாக இருக்கும்.

சிவில் நண்பர்களுக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, ஷேக்ஸ்பியரின் குளோப். 1599இல் கட்டியது. 1613இல் ஒரு நாடகத்தின்போது வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பட்டு எரிந்தே போனது. 1997இல் கிட்டத்தட்ட அதே இடத்தில், பச்சை ஓக் மரத்தில், மரமுளை அடித்து இணைத்து மறுபடியும் எழுப்பினார்கள். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் போட்ட முதல் கீற்றுக் கூரை அதுதான். இந்தத் தடவை கூரையில் தண்ணீர் தெளிப்பானும் உண்டு! இதற்காகப் பல ஆண்டுகள் அலைந்து பணம் திரட்டிய நடிகர் சாம் வானமேக்கர், திறப்பு விழாவைப் பார்க்காமலே 1993இல் காலமானார்.

இரண்டாவது பாடம் கசப்பானது. 2013 டிசம்பர் 19 அன்று அப்பல்லோ அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையின் உட்பூச்சு பெயர்ந்து ஜனங்கள் மேல் விழுந்தது. 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சணல் துணியும் பிளாஸ்டரும் சேர்த்துப் போட்ட பழைய கட்டுகள் நாள்பட்டு நைந்து போனதுதான் காரணம். "மெயின்டனன்ஸ்ல ரெண்டு மார்க் கேள்விதான் வரும்" என்று தள்ளிவிடுகிறவர்கள் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நாடகம் பார்க்க வேண்டும்.

பயமுறுத்துவது சீட்டு அல்ல

நாடகச் சீட்டுதான் யானை விலை என்று நினைக்கிறோம். பெரிய இசை நாடகத்துக்கு, நல்ல இருக்கைக்கு, அது உண்மை. ஆனால் குளோப் அரங்கின் முற்றத்தில் 700 பேர் நின்றுகொண்டே பார்க்கலாம். 1997இல் அதற்கு 5 பவுண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விலையை அவர்கள் ஏற்றவே இல்லை. இன்றும் லண்டனின் மலிவான சீட்டுகளில் அது ஒன்று. மேலே வானம்தான். மழை வந்தால் நனைய வேண்டும், குடை விரிக்க விடமாட்டார்கள். உள்ளூர்த் திருவிழாவில் நின்று பார்த்துப் பழகிய காலுக்கு இது பெரிய காரியமா?

லெஸ்டர் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்ற கூண்டுக்கடை இருக்கிறது. மிச்சமிருக்கும் சீட்டுகளைத் தள்ளுபடியில் விற்கிறார்கள். ஆனால் இருபது பேர் கும்பலாக அதை நம்பிப் போகக் கூடாது. நாலு சீட்டு ஒரு பக்கம், மூணு சீட்டு ஒரு பக்கம் என்று சிதறிவிடுவோம். கும்பலுக்கு ஏற்றது, பல மாதம் முன்பே அரங்குக்கு எழுதிக் குழுக் கட்டணம் கேட்பது. வார நாள்களிலும் பகல் காட்சியிலும் அது எளிதாகக் கிடைக்கும். இருக்கை எடுக்கும்போது தூண் மறைக்கும் இடமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவு என்று வாங்கிவிட்டு இரண்டரை மணி நேரம் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது!

ஆக, நம்மை நிஜமாகப் பயமுறுத்துவது விமானமும் விசாவும் விடுதியும்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

அம்மை போட்ட கதை

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு ஐ.வி. போனது நினைவிருக்கிறதா? தலைக்கு 1800 ரூபாய். கடைசி நாளில் ஒருவன், "மாப்ளே, வீட்ல அம்மை போட்டிருக்கு, நான் வரலடா" என்றான். நம்பிவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் இரவு திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடைக்குள் நுழைந்தால், மாவு பிசைந்துகொண்டு நிற்கிறான் அவன்! "வாங்கடா, சூடா இருக்கு" என்றான். நாங்கள் சாப்பிட்டோம். அம்மையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

நண்பர்களே, 1800 ரூபாய்க்கே ஒருவனைப் பொய் சொல்ல வைத்தோம் என்றால், லட்ச ரூபாய்க்கு எத்தனை பேரைச் சொல்ல வைப்போம்? தொகையை முதலில் முடிவு செய்து, பிறகு "யார் யார் வர்றீங்க?" என்று கை தூக்கச் சொல்வதுதான் வழக்கமான முறை. கையைத் தூக்காதவன் அந்த நிமிடமே வெளியே போய்விடுகிறான். அதனால் முறையையே மாற்றச் சொல்கிறேன்.

நமக்கு ஒரு ஐந்தாண்டுத் திட்டம்

அரசாங்கம் 2017ஓடு ஐந்தாண்டுத் திட்டத்தை விட்டுவிட்டது. நாம் ஒன்று போடுவோம்! படிப்பு மூன்று ஆண்டு, வேலை இரண்டு ஆண்டு, அதன் பிறகு பயணம்.

படிக்கும் 36 மாதமும் தலைக்கு 300 ரூபாய். ஆகிறது 10,800. வேலைக்குப் போன பின் 24 மாதம், சராசரியாக 5000 ரூபாய். ஆகிறது 1,20,000. இரண்டும் சேர்ந்து 1,30,800. கூட்டாக அறை எடுத்து, சிக்கனமாகச் சாப்பிட்டு, ஒரு வாரம் போய்வர இதில் அடக்கலாம் என்பது என் கணக்கு. பவுண்டு ஏறினால் இது கொஞ்சம் ஏறும்.

"சராசரி" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? 12,000 சம்பளக்காரன் 3000 போடட்டும், 25,000 வாங்குகிறவன் 7000 போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது கணக்கு வைப்பவரோடு நிற்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் நோட்டீஸ் போர்டுக்கு வரட்டும். மூன்று பேர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கிக் கணக்கு. ரசீது அவரவர் பெயரில். குறிப்பாகத் தோழியர் பெயரில்! ஐந்தாண்டில் கல்யாணம் ஆகியிருக்கும். "கேட்டுச் சொல்றேன்" என்று தயங்கும் நிலை வந்தாலும், இது என் உழைப்பில் கட்டிய பணம் என்று காட்ட அவர் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும்.

ஐந்தாண்டு என்பதில் வேறு லாபங்களும் உண்டு. பத்தாவது முடித்து வரும் முதலாண்டுத் தம்பிகளுக்கு 18 நிறைந்திருக்காது. பெற்றோர் ஒப்புதல், பெரியவர் துணை என்று காகிதம் கூடும். அதெல்லாம் தானாகவே தீர்ந்துவிடும். விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனி, கைரேகை உட்பட. குழுவுக்கு ஒன்று என்று கிடையாது. திரும்பி வருவான் என்பதற்குச் சம்பளச் சீட்டும் லீவுக் கடிதமும் பேசுகிற மாதிரி, மாணவன் கையில் உள்ள எதுவும் பேசாது. மறுத்துவிட்டால் விசாக் கட்டணம் திரும்ப வராது. எனவே இப்போதே எழுதி வைப்போம்: யாருக்கு மறுக்கப்பட்டாலும் அந்த நஷ்டம் பொதுநிதிக்கு. அவன் கட்டிய மீதிப் பணம் ஒரு வாரத்தில் அவன் கைக்கு.

போன பிறகு

முதல் நாள் மாலை நாடகம் வேண்டவே வேண்டாம். கோடையில் அங்கே இரவு ஏழரை என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு. சீட்டு வாங்கிக் குறட்டை விடுவதற்கா அவ்வளவு தூரம்? ஆனால் போவது கோடையில்தான் இருக்க வேண்டும். குளோப் முற்றத்தில் நாடகம் நடக்கும் பருவம் அதுதான்.

ஒரு வாரத்துக்கு நாலு நாடகம் போதும். ஒன்று குளோப்பில், ஒன்று நேஷனலில், ஒன்று வாக்கெடுப்பில் ஜெயித்த இசை நாடகம், ஒன்று அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்'. 1952 நவம்பரில் தொடங்கிய அந்த நாடகம், 2020இல் கொரோனா நிறுத்தும்வரை ஓடியது. 2021 மே மாதம் மீண்டும் தொடங்கிவிட்டது. கொலைகாரன் யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது அங்கே மரபு. நம் ஹாஸ்டலில் அந்த ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை!

போகுமுன் நாலு நாடகத்தின் கதையையும் தமிழில் சொல்லி விவாதித்துவிட வேண்டும். வசனத்தை எழுத்தில் காட்டும் காட்சிகளும் உண்டு. காது கேளாதோருக்காக வந்த ஏற்பாடு. வேகமான ஆங்கிலத்தைப் பிடிக்க முடியாத நமக்கும் கைகொடுக்கும். நேரம் தவறினால் இடைவெளி வரும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். முக்கியமாக, எல்லோருக்கும் ஒரே விலைச் சீட்டு! நாலு பேர் கீழே மெத்தை இருக்கையில், பதினாறு பேர் மேலே கூரையை ஒட்டி என்றால் அது குழுவே அல்ல.

நான் இரண்டாம் ஆண்டு முடிக்கிறேன். எனக்கு 12 மாதம்தான் மிச்சம். 10,800 சேர மாதம் 900 கட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வயரிங் வேலைக்குப் போகிறேன், கட்டிவிடலாம். பரோட்டாக் கடை நண்பனிடமும் பேசினேன். "மாசம் எவ்வளவு முடியும்?" என்றுதான் முதலில் கேட்டேன். யோசித்துவிட்டு "இருநூறு" என்றான். எழுதிக்கொண்டேன்.

அடுத்த பெயர் யாருடையது? பேரவை அறைக்கு வாருங்கள். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்காதீர்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்று சொல்லுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை