அளவு நாடாவை எடுங்கள்



மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்துப் பாளையம்பட்டி ஒரு நகரம்; நிர்வாகத்தில் ஊராட்சி. ஒட்டினாற்போல் அருப்புக்கோட்டை நகராட்சி. பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டும் ஒரே ஊராகத்தான் தெரியும். வீட்டு வரி என்று வந்தால் மட்டும் சட்டமும் வேறு, கணக்கும் வேறு. 2025 தொடக்கத்தில் நகரங்களோடு ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வந்தபோது தமிழகத்தின் பல கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியதற்கு, நூறு நாள் வேலை போய்விடும் என்பதோடு இந்த வரி பயமும் ஒரு காரணம்.

“வரியை ஜாஸ்தியாப் போட்டுட்டாங்க, யாரைப் போய்க் கேக்கிறது?” என்று புலம்பிவிட்டு, கேட்காமலே கட்டிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

நகராட்சிகளில் 2018-இல் உயர்த்திய சொத்து வரி, எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரியைச் சீரமைப்பதை மானியத்துக்கு நிபந்தனையாக வைத்தது; 2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்வு வந்தது. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இந்தப் படிகளை நிதானமாகப் பாருங்கள். உங்கள் வீடு உண்மையில் 590 சதுர அடி. பதிவேட்டில் 610 என்று விழுந்திருக்கிறது. இருபது அடிதானே என்று விட முடியாது. வீடு அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது, உயர்வு 25-இலிருந்து 50 ஆகிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, வீட்டை நீங்களே அளப்பது. நோட்டீஸில் போட்டிருக்கும் பரப்பு, மண்டலம், கட்டடத்தின் வயது, குடியிருப்பா வணிகமா என்பது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தறி ஓடும் வீடுகள் நிறைந்த ஊர் அருப்புக்கோட்டை. குடியிருக்கும் அறைகளும் தறிக்கூடமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தவறு தென்பட்டால் வரைபடமும் பழைய ரசீதும் வைத்து ஆணையருக்கு மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நோட்டீஸில் உள்ள கெடு முக்கியம். மனுப் போட்டாயிற்று என்று வரியை நிறுத்திவைக்கவும் வேண்டாம். நிலுவை ஏறினால் உங்கள் வாதம்தான் பலவீனப்படும். ஆணையரின் பதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. நகராட்சிகளில் கவுன்சிலர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்றே ஒன்று உண்டு. வார்டில் ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் தயங்காமல் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஊராட்சியில் பாதை வேறு. ஊராட்சி செயலரிடம் தொடங்கி, வட்டார வளர்ச்சி அலுவலர் வரை மனுவோடு போகலாம். 2025 ஜனவரி 5-இல் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, விருதுநகர் மாவட்டத்திலும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோதும் கிராம சபை இருந்தது. குடியரசு நாள், மார்ச் 22, மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய சபை அது. வரவு செலவு அங்கே முன்வைக்கப்படுகிறது. தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் எழுந்து பேசுகிற நாம், வரி எப்படிப் போட்டார்கள் என்று அங்கே ஏன் கேட்பதில்லை?

இந்த மண்ணுக்கு வரியும் கணக்கும் புதிதல்ல. நாடார் உறவின்முறைகளைப் பற்றி எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், பழைய ராமநாதபுரம் சீமையின் ஆறு நாடார் வணிக ஊர்களில் பாளையம்பட்டியையும் அருப்புக்கோட்டையையும் சேர்த்துச் சொல்கிறார். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, பேட்டையும் கிணறும் பள்ளிக்கூடமும் கண்டவர்கள் அந்த ஊர்களின் நாடார்கள். சர்க்கார் கேட்காமலே தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். பணம் எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்ததால்தான் அந்தக் கை தாராளமாக நீண்டது என்று நான் நினைக்கிறேன். நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் நாம் எதிர்பார்ப்பது அதே தெளிவைத்தான்.

இந்த வாரம் வீட்டை அளந்து பாருங்கள். பதிவேட்டு அளவும் உங்கள் அளவும் ஒத்துப்போனதா, மனுக் கொடுத்திருந்தால் என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்து வாசகர்களுக்கும் பயன்படும்படி அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்