‘அசல்’ பேரிங் என்று ஏமாறாதீர்கள்



ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நடந்த சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். "ஒரு பேரிங் மாத்த இவ்வளவு ரகளையா அத்தை?" என்று கேட்டவன் என் தம்பி மகன். அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஏனென்றால் இந்தத் தப்பு அவன் ஒருவன் செய்வது அல்ல.

தெரியாதவர்களுக்காக: எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் ஓடுகிறது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. அதே சேஸியை வெட்டிக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். பின்சக்கர அமைப்பு இரண்டிலும் ஒரே மாதிரி. அதனால் நான் சொல்வது ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கும் பொருந்தும்.

ஆவணியில் தம்பி மகன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு தாத்தா வண்டியில்தான் என்று ஒரே பிடிவாதம். போன மாதம் காலாப்பட்டு வரை ஓட்டிப் பார்த்தோம். பின்னால் இடது பக்கம் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஒரு உறுமல். வலது பக்கம் வளைத்தால் சத்தம் கூடுகிறது. இடது பின்சக்கர பேரிங் போய்விட்டது. மழைக்காலத்தில் இந்திரா காந்தி சதுக்கத்துத் தண்ணீரில் எத்தனை முறை வண்டியை இறக்கியிருக்கிறோம்! போகாமல் என்ன செய்யும்?

உடனே இரண்டு கட்சி கிளம்பிவிட்டது.

முதல் கட்சி ‘அசல்’ கட்சி. தம்பி மகன் சென்னையில் ஒரு கடையில் பிரிக்காத பழைய பெட்டி கண்டுபிடித்திருக்கிறான். கார் கம்பெனி பெயர் அச்சடித்த பெட்டி. விலை 9,000 ரூபாய். "இதுதான் அத்தை ஒரிஜினல்" என்று படம் அனுப்பினான். கண்ணா, கார் கம்பெனி பேரிங் செய்வதில்லை. பேரிங் கம்பெனியிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கும். உள்ளே வளையத்தின் விளிம்பைத் துடைத்துப் பார், செய்தவன் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். நீ 9,000 கொடுப்பது அட்டைக்கு. அந்த அட்டைக்குள் ஐம்பது வருடமாகக் கிடக்கிற எண்ணெய் பிசினாகியிருக்கும். கடற்காற்று புகுந்து குண்டில் ஒரு ஊசிமுனை அளவு துரு இருந்தால் போதும், ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் அது பள்ளமாகும். பழைய பட்டுப்புடவையை பீரோவில் வைத்து மடிப்பிலே கிழித்த குடும்பம் நம்முடையது. உனக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

இரண்டாவது கட்சி ‘கிட்டத்தட்ட’ கட்சி. மெக்கானிக் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், கை சுத்தமானவன், அதனால்தான் வருத்தமாக இருக்கிறது. "கிட்டத்தட்ட அதே சைஸ் இருக்கு டீச்சர். லேத்துல ஷாஃப்டைக் கொஞ்சம் இழுத்துட்டா உள்ள போயிடும்" என்கிறான்.

டேய், உனக்கு ஐந்தாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது நான்தானே? 6205 என்று ஒரு பேரிங் எண் இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் 05. ஐந்தால் பெருக்கு, 25. உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 04 முதல் இந்தக் கணக்கு நிற்கும். ஆனால் அந்தக் கால ஆங்கிலேய வண்டிகளில் பல பேரிங் அங்குல அளவு. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அந்த 0.4-ஐத்தான் நீ ‘கிட்டத்தட்ட’ என்கிறாய். அதைச் சரிக்கட்ட ஷாஃப்டைக் கடைந்தால், கடைசல் விட்ட விளிம்பில்தான் பின்னால் விரிசல் பிடிக்கும். வெளிப்பக்கம் லூஸாக இருந்தால் ஹவுசிங்கில் பஞ்சால் புள்ளி அடித்து இறுக்குவது இன்னொரு வித்தை. நாலைந்து புள்ளி முனையில் நிற்கிற பேரிங் எத்தனை நாள் நிற்கும்?

ஹெரால்டில் இது சும்மா சத்தத்தோடு போகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு பின்சக்கரத்திலும் ஒரு பால் பேரிங், ஒரு நீடில் பேரிங். நீடில் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது, உருளைகள் நேராக ஆக்சில் ஷாஃப்டின் மேலேயே ஓடும். பழைய பேரிங் கெட்டிருந்தால் ஷாஃப்டிலும் தடம் விழுந்திருக்கும். நகத்தை வைத்து நெடுக இழுத்துப் பார்த்தால் தெரியும். அந்தத் தடத்தின் மேல் எவ்வளவு உசத்தியான பேரிங் போட்டாலும் நிலைக்காது. அதைவிட மோசம், சக்கரத்தின் ஹப்பைப் பிடித்திருப்பது அந்த ஷாஃப்ட் ஒன்றுதான். அது முறிந்தால் சக்கரம் தனியாகப் போகும், வண்டி தனியாகப் போகும். இந்தப் பின்பக்கத்தோடு நம் ஊர் மெக்கானிக்குகள் பட்ட பாட்டில்தான், 1972-ல் கஜல் என்று அடுத்த வண்டி விட்டபோது கம்பெனியே அதை எடுத்துவிட்டு நேர் ஆக்சில் போட்டது.

அப்படியானால் எதை வாங்குவது? கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணைப் படி. எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அள. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கூடுதலான வகை என்று அர்த்தம். பழையதில் இருந்ததையே கேள், கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அல்ல. பேர் பெற்ற கம்பெனி எதுவானாலும் சரி. ஜெய்ப்பூரின் என்பிசி 1946-லேயே தொடங்கியது. நீடில் பேரிங்குக்கென்றே 1965-ல் என்ஆர்பி வந்தது, அதுவும் நாடெல்லா என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கூட்டில். நம் ஊருக்காரர்கள் அதற்காகவாவது மதிக்கலாம்! ஆனால் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்கு. பெரிய கம்பெனிகளின் பெயரில் போலி நிறைய ஓடுகிறது. எஸ்கேஎஃப் போலியைக் கண்டுபிடிக்கவே ஒரு செயலி வைத்திருக்கிறது. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படு.

மாட்டும்போது சுத்தியலை எடுக்காதே. ஷாஃப்டில் ஏற்றினால் உள்வளையத்தில் அழுத்தம், ஹவுசிங்கில் இறக்கினால் வெளிவளையத்தில் அழுத்தம். மாற்றி அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே பழசாகிவிடும். பிரஸ் இருக்கிற பட்டறைக்கு ஆட்டோவில் எடுத்துப் போனால் என்ன குறைந்துவிடும்?

"மூணு கிலோமீட்டர் ஊர்வலம்தானே அத்தை, அதுவரைக்கும் தாங்காதா" என்றும் ஒரு கேள்வி வந்தது. மூன்று கிலோமீட்டரில் மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், இரண்டு குழந்தைகள் உள்ளே. இரண்டு பக்கமும் நடந்து வருகிறவர்கள் நீங்கள்தான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று என் முன்னாலேயே புல்லர் போட்டு ஹப்பைக் கழற்றினான் மெக்கானிக். இடது ஷாஃப்டில் நகம் நிற்கிறது. அவனே பார்த்துவிட்டு, "டீச்சர் சொன்னது சரிதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டான். வலது பக்கத்தையும் இந்த வாரம் பிரிக்கிறோம்.

மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் சொல்லியாகிவிட்டது. தம்பி மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், பரவாயில்லை. சென்னை, கோவை பக்கம் உள்ள பிள்ளைகள் யாருக்காவது தடம் விழாத ஹெரால்டு பின் ஆக்சில் ஷாஃப்ட் இருக்கும் இடம் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெட்டியின் படம் வேண்டாம். நீடில் ஓடும் இடத்தைத் துடைத்துப் படம் எடுத்து, வெர்னியர் அளவோடு அனுப்புங்கள்.