காலையில் கிளம்பி மாலையில் திரும்ப

தாய்லாந்தின் ஹுவா ஹின் கடற்கரையில் தங்கி அக்கம்பக்கம் பார்க்க நினைப்பவர்கள் கிலோமீட்டரைவிட கடிகாரத்தைக் கவனிப்பது நல்லது.

முதல் இரண்டு நாட்கள் பிரச்சினை இல்லை. கடல் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, மாலையில் சுற்றிவர இரவுச் சந்தை இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில்தான் "இன்றைக்கு எங்கே போகலாம்?" என்ற கேள்வி எழும். உடனே ரிசார்ட்டின் வரவேற்பு மேஜையிலிருந்து வண்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்று கைக்கு வரும். குகை, அருவி, யானை, அரண்மனை எல்லாம் ஒரே நாளில். மதிய உணவும் சேர்த்து. கொடுக்கும் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் நம்மவர்களுக்கு இது லாபமாகத்தான் தெரியும். பத்து மணி நேரத்தில் ஆறு மணி நேரம் வேனிலேயே கழிந்தது என்பது இரவில் கால் வலிக்கும்போதுதான் புரியும்.

பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் ஹுவா ஹின். நாட்டின் மிகப் பழைய கடற்கரை உல்லாச நகரங்களில் ஒன்று. 1920களில் ஏழாம் ராமர் எனப்படும் மன்னர் பிரஜாதிபோக் இங்கே கட்டிய கோடைக்கால அரண்மனையின் பெயர் 'கிளாய் கங்வோன்'. கவலைக்கு அப்பால் என்று பொருள். 1932 ஜூன் 24 அன்று பாங்காக்கில் புரட்சி நடந்து முழு முடியாட்சி முடிவுக்கு வந்தபோது மன்னர் இருந்ததும் இங்கேதான். கவலை அப்பால் நிற்கவில்லை.

ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள், காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடங்கள் நிறைய. எது எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் பலரும் திட்டம் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேளை உண்டு. குகைக்கு முற்பகல், யானைக்குப் பிற்பகல், மலைக் கோயிலுக்கு வெயில் ஏறாத காலை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் பயணம் எளிதாகிவிடும்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வந்தவர்கள் அரை நாள் பயணத்திலிருந்து தொடங்கலாம். ஹுவா ஹின்னுக்கும் வடக்கே இருக்கும் சா ஆமுக்கும் நடுவே, கடலோரமாக நிற்கிறது மிருகதாயவன் அரண்மனை. 1920களில் ஆறாம் ராமர் மன்னர் வஜிராவுத் கட்டியது. முழுக்கத் தேக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் மாளிகையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கின்றன. தூண்களின் அடியில் தண்ணீர் நிற்கச் சிறு பள்ளம் விட்டிருக்கிறார்கள், எறும்பு ஏறாமல் இருக்க. உணவு அலமாரியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்த பாட்டிகளை அறிந்தவர்களுக்கு இந்த அரச வித்தை புதிதாக இருக்காது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போக வேண்டும். மராமத்து வேலைக்காகச் சில பகுதிகளை மூடிவிடுவதும் உண்டு என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முழு நாள் பயணங்களில் செலவும் சிரமமும் குறைந்தது வடக்கே உள்ள பெட்சபுரி. வஜ்ரபுரி என்ற வடமொழிப் பெயரின் தாய் உருவம் இது. ஹுவா ஹின்னிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2023 டிசம்பரில் ஹுவா ஹின்னுக்குத் தூண்கள் மேல் புதிய ரயில் நிலையம் வந்துவிட்டது. சிவப்பும் வெண்மையுமான பழைய மர நிலையம், மன்னருக்கான காத்திருப்பு மண்டபத்தோடு, பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது. ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போனால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பெட்சபுரியில் முதலில் ஏற வேண்டியது காவ் வாங் குன்று. நான்காம் ராமர் மன்னர் மோங்குட் 1859-60ல் இங்கே கட்டிய மாளிகைக்கு 'பிர நகோன் கிரி' என்று பெயர். நகரமும் கிரியும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். விஞ்ச் வண்டி இருப்பதால் மூட்டு வலிக்காரர்களும் மேலே போகலாம். கையில் தின்பண்டம் மட்டும் இருக்கக் கூடாது. குரங்குகள் பிடுங்கிவிடும். மேலே கண்ணாடிக் கூரை வேய்ந்த வட்டமான கோபுரம் ஒன்று உண்டு. மன்னர் அங்கிருந்துதான் வானத்தைப் பார்த்தார். இந்தக் கோபுரத்தை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

குன்றிலிருந்து இறங்கியதும் காவ் லுவாங் குகை. கூரையில் உள்ள பெரிய துளை வழியே முற்பகல் வெயில் புத்தர் சிலைகள் மேல் விழும். பிறகு ஊருக்குள் வாட் கம்பெங் லேங். கெமர் பாணியில் செம்புரைக் கல்லால் எழுந்த இது முதலில் இந்துக் கோயிலாக இருந்து பின்னர் பௌத்தத் தலமானது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் தமிழர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெட்சபுரியைச் சுற்றியுள்ள வயல் வரப்புகளில் நிற்பது நம் பனைதான். பனஞ்சர்க்கரை, தேங்காய்ப்பால், முட்டை சேர்த்து இங்கே செய்யும் 'மோ கேங்' என்ற இனிப்பு நாடெங்கும் பிரசித்தம். இளம் பனங்காயில் குழம்பே வைக்கிறார்கள். பனையைச் செங்கல் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். 2021ல் யுனெஸ்கோ பெட்சபுரியை உணவுக் கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது.

தெற்கே போனால் முதலில் வருவது காவ் சாம் ரோய் யோட் தேசியப் பூங்கா. முந்நூறு சிகரங்கள் கொண்ட மலை என்று பொருள். 1966ல் அமைந்த இதுதான் தாய்லாந்தின் முதல் கடலோர தேசியப் பூங்கா. வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது பிரயா நகோன் குகையை. கூரை இடிந்து திறந்துபோன குகைக்குள் மரங்கள் வளர்ந்து நிற்க, நடுவில் நான்கு முகப்புகள் கொண்ட சிறிய மண்டபம். ஐந்தாம் ராமர் சூலாலங்கோர்ன் 1890ல் வந்தபோது அமைத்தது. முற்பகல் பத்தரை மணி வாக்கில் வெயில் நேராக மண்டபத்தின் மேல் விழும். பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும் வேன்காரர்கள் நிழலில் நிற்கும் மண்டபத்தைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள்.

எனவே ஹுவா ஹின்னிலிருந்து ஏழு மணிக்காவது புறப்பட வேண்டும். பாங் பூ கிராமம் வரை சாலை. அங்கிருந்து ஒரு மலைமுனையை நடந்து தாண்டலாம், அல்லது படகில் சுற்றி வரலாம். இரண்டும் லேம் சாலா கடற்கரையில் கொண்டுபோய் விடும். அதன் பிறகு சுமார் 430 மீட்டர் செங்குத்தான கல் பாதை. எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. சாதாரணமாக அரை மணி நேர ஏற்றம் அது. செருப்பு போதாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஏற முடியாத பெரியவர்கள் படகில் வந்து, கடற்கரையில் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்திருக்கலாம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. சென்னையில் மழை கொட்டும் அக்டோபரிலும் நவம்பரிலும் இந்தக் கரையிலும் மழைதான். அப்போது கல் பாதை வழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுகமான காலம்.

இனி யானைக்கு வருவோம். ஹுவா ஹின்னைச் சுற்றி யானைச் சவாரி முகாம்கள் உண்டு. குழந்தைகள் கேட்கும், ரிசார்ட்டும் ஏற்பாடு செய்யும். ஆனால் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள குய் புரி தேசியப் பூங்காவில் யானை தன் காட்டில், தன் குட்டியோடு, யார் சொல்லையும் கேட்காமல் நடப்பதைப் பார்க்கலாம். காட்டெருதும் கூட்டமாக மேயும். புல்வெளிக்கு அவை வருவது பிற்பகலில். ஆகவே காலையை ரிசார்ட்டிலேயே கழித்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டால் போதும். பூங்கா வாசலில் திறந்த பிக்-அப் வண்டியும் வழிகாட்டியும் கிடைக்கும். அவர்கள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளும் சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்கள். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. காட்டை அழித்து அன்னாசி பயிரிட்டார்கள். யானைகள் அன்னாசியைத் தேடி வந்தன. 1990களில் மோதல் முற்றி யானைகள் கொல்லப்பட்டன. மன்னர் பூமிபோலின் யோசனைப்படி காட்டுக்குள்ளேயே புல்வெளிகளையும் நீர்க்குட்டைகளையும் உப்பு நிலங்களையும் உருவாக்கினார்கள். 1999ல் இது தேசியப் பூங்காவானது. யானையைத் துரத்தியவர்களின் ஊருக்கு யானையைக் காட்டிச் சம்பாதிக்கும் வழி பிறந்தது.

மோதல் அடியோடு தீர்ந்துவிடவில்லை. இன்னும் யானைகள் தோட்டத்துக்குள் நுழைகின்றன. அவற்றின் நடமாட்டத்தைக் கண்டு எச்சரிக்கும் கேமராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். வால்பாறையையும் ஓசூரையும் பற்றிப் படிப்பவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் குய் புரியில் வண்டிக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் பணம், காட்டு யானை உயிரோடு இருப்பதால் அந்த ஊருக்குக் கிடைக்கும் வருமானம். சவாரி முகாமில் கொடுக்கும் பணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் புரியும்.

நான்காவது பயணம் அதே திசையில் இன்னும் தெற்கே, பிரசுவாப் கிரி கான். ரயிலிலேயே போகலாம். ஹுவா ஹின் அளவுக்குக் கூட்டமில்லாத மீனவர் நகரம். 396 படிகள் ஏறினால் காவ் சோங் கிரச்சோக் குன்றிலிருந்து மூன்று விரிகுடாக்களும் தெரியும். ஊரிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி, வா கோ என்ற கடலோரக் கிராமம். இங்கேதான் பெட்சபுரிக் கோபுரத்துக்கு வேலை வருகிறது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் வா கோவில் தெரியும் என்று மன்னர் மோங்குட் தானே கணித்தார். பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் ஆளுநரையும் அழைத்து, காட்டுக்கு நடுவே கூடாரம் அடித்துக் காத்திருந்தார். சொன்ன வேளையில் கிரகணம் பிடித்தது. ஆறு நிமிடங்களுக்கு மேல் பகல் இருண்டது. அதே நாளில் அதே நிழல் இந்தியாவின் மீதும் கடந்து சென்றது. பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென் குண்டூரிலும், சென்னை வானிலைக்கூடத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் அதை ஆராய்ந்தார்கள். ஹீலியம் என்ற தனிமம் இருப்பதற்கான முதல் தடயம் அந்தக் கிரகணத்தில்தான் கிடைத்தது.

வா கோவில் மன்னருக்குத் தொற்றியது மலேரியா. பாங்காக் திரும்பிய அவர் அக்டோபர் 1 அன்று இறந்தார். உடன் சென்ற மகனும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். அவர்தான் பின்னாளில் பிரயா நகோன் குகைக்கு வந்த சூலாலங்கோர்ன். இன்று வா கோவில் மோங்குட்டின் பெயரில் அறிவியல் பூங்கா இருக்கிறது. ஆகஸ்ட் 18ஐ தாய்லாந்து அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறது.

நடைமுறை விஷயங்கள் சில. பெட்சபுரிக்கும் பிரசுவாப்புக்கும் ரயில் போதும். குகைக்கும் குய் புரிக்கும் நாள் வாடகைக்கு டாக்சிதான். காத்திருப்பு நேரத்தையும் சேர்த்து முன்பே பேசிவிட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் எடுப்பது ஆபத்து. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். தாஜ் மகாலில் நாம் செய்வதுதான். சைவர்களுக்கு ஹுவா ஹின்னில் இந்திய உணவகங்கள் உண்டு, பூங்காக்களில் கிடையாது. கடைகளில் 'ஜே' என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் தருவார்கள். காய்கறி மட்டும் என்று கேட்டால் மீன் சாறு சேர்ந்துவிடும். கட்டுச்சோறு இன்னும் பாதுகாப்பு.

ஐந்து நாள் தங்குபவர்கள் இந்த நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். நடுவில் ஒரு நாளைக் கடலுக்கு விட்டுவிடலாம். அதற்காகத்தானே முதலில் ஹுவா ஹின்னுக்கு டிக்கெட் எடுத்தது.